இறாலுக்கு சிக்னல் உண்டு, மனுஷனுக்குக் கிடையாது

போன மாதம் எங்கள் காலேஜில் லாஜிஸ்டிக்ஸ் பற்றி ஒரு செமினார் நடந்தது. பி.காம். மூன்றாம் ஆண்டு முழுக்க வந்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை. வந்தால் அட்டெண்டென்ஸ், மதியம் சாம்பார் சாதம், நடுவில் ஏ.சி. ஹாலில் ஒரு குட்டித் தூக்கம். இந்த மூன்றுக்காகத்தான் நானும் போனேன். பொய் சொல்ல மாட்டேன்.

பேச வந்தவர் ஷிப்பிங் துறையில் பல வருடம் இருந்தவர். நன்றாகவே பேசினார். தூத்துக்குடியில் ஏற்றிய இறால் அமெரிக்கா போய்ச் சேரும்வரை கன்டெய்னருக்குள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா, இல்லையா என்று நடுக்கடலிலிருந்தே தகவல் வந்துகொண்டிருக்குமாம். கன்டெய்னரில் ஒரு சின்ன மோடம், கப்பலில் ஒரு ஆன்டெனா, மேலே சாட்டிலைட். குளிர் கொஞ்சம் குறைந்தாலும் எங்கோ ஒரு ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். மெர்ஸ்க் கம்பெனி இந்த வசதியை 2017-ல் தன் வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்டபோது, இப்படி 'பேசும்' குளிர்பெட்டிகள் அதனிடம் ஏறக்குறைய 2,70,000 இருந்தன. கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைசியில் கேள்வி நேரம். எழுந்து கேட்டேன். "சார், அந்தக் கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்கு நெட் கிடைக்குமா சார்?"

அவர் சிரித்தார். "அது கம்பெனி பாலிசியப் பொறுத்தது தம்பி. சில கப்பல்ல உண்டு. சில கப்பல்ல கார்டு வாங்கிக்கணும்."

பின்வரிசையிலிருந்து யாரோ, "நடுக்கடல்ல ரீல்ஸ் பாக்கவா மச்சி?" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். கடைசிவரை படியுங்கள், பிறகு சிரியுங்கள்.

எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் கப்பலில் இருக்கிறார். பல்க் கேரியர் என்பார்கள். நிலக்கரி, இரும்புத்தாது மாதிரிச் சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றிப் போகும் கப்பல். அவர் எஞ்சின் ரூமில் ஆயிலர். கப்பல் வேலை என்றால் வெள்ளை யூனிஃபார்ம், நெஞ்சில் பட்டை என்று நினைப்பவர்களுக்கு: அவர் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

அந்தக் கப்பலில் ஒவ்வொருவருக்கும் மாதம் இத்தனை எம்.பி. என்று கணக்கு. அது தீர்ந்தால் கேப்டனிடம் கார்டு வாங்க வேண்டும். நம் ஊரில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவுக்கு அங்கே அரை மாதச் சம்பளம் கொடுத்தாலும் போதாது. அதனால் அண்ணன் வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்ப மாட்டார். 'நலம். நீங்கள் நலமா.' அவ்வளவுதான். தந்தி மாதிரி.

போன வருடம் அண்ணிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மானகிரியிலிருந்து காரைக்குடிக்கு ஓடினோம். பெண் குழந்தை. ஒன்றேமுக்கால் கிலோ. பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு நான்தான் மெசேஜ் போட்டேன். ஒரு டிக். சனிக்கிழமையும் ஒரு டிக். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டிக். கம்பெனியின் சென்னை ஏஜெண்டுக்குப் போன் செய்தால் வார விடுமுறை. திங்கட்கிழமை மதியம் ஒருவர் எடுத்தார், கப்பலுக்கு மெயில் போட்டுவிடுகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அண்ணன் கூப்பிட்டார். கேப்டனின் போனிலிருந்து, மூன்று நிமிடம்.

அந்த மாத டேட்டா ஏன் சீக்கிரம் தீர்ந்தது தெரியுமா? எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு மாமா அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' வீடியோ. ரோஜாப்பூ, நீர்வீழ்ச்சி, பின்னணி இசை எல்லாம் சேர்த்து அது தானாகவே டவுன்லோட் ஆகி, இருந்ததையெல்லாம் தின்றுவிட்டது. மாமாவைத் திட்டவும் முடியவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கு மறக்காத விஷயம் வேறு. அந்த நாலு நாளும் அந்தக் கப்பல் பேசாமல் இல்லை. தினமும் மதியம் 'நூன் ரிப்போர்ட்' போனது. எங்கே இருக்கிறோம், எத்தனை டன் எண்ணெய் எரித்தோம், என்ன வேகம், காற்று எந்தப் பக்கம், எல்லாம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சினின் சூடு போனது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷனுக்கு மட்டும், தான் அப்பா ஆன செய்தி வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் இதைக் கேட்டு ஆச்சரியப்படாத ஒரே ஆள் அப்பத்தா. அவருடைய மாமனார், அதாவது என் கொள்ளுத்தாத்தா, 1930-களில் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரராக இருந்தவர். செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அந்தக் காலத்தில் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்தினார்கள். கடையைப் பார்க்கும் ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவார். கூடப் போகும் அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

அப்பத்தா சொன்னார்: "அப்பல்லாம் கடுதாசி வர மூணு வாரம்கூட ஆகும் அப்பு. தபாலுக்குக் காசு ஏது? மொதலாளிக்கு ஐந்தொகை அனுப்புற கவரு இருக்குல்ல, அதுக்குள்ளயே சமையக்காரவுக கடுதாசியயும் வச்சு அனுப்பிருவாக. இங்க செட்டியார் வீட்டுல கவரப் பிரிச்சு, ஆளு மேல குடுத்து விடுவாக."

ஐந்தொகை என்றால் நாம் ட்ரயல் பேலன்ஸ் என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கடைக் கணக்கு ஊருக்குப் போகிற கவரிலேயே சமையல்காரரின் கடிதமும் போனது. அதற்குத் தனியாக ஸ்டாம்ப் செலவும் இல்லை, சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. கவர் எப்படியும் போகத்தானே போகிறது, கூட ஒரு தாள் போனால் என்ன என்று ஒரு வட்டிக்கடை ஏஜெண்டுக்குத் தோன்றியிருக்கிறது. வட்டியில் காலணா விடாதவர்கள் என்று நாம் கிண்டல் செய்யும் அதே ஆட்கள்!

இன்றைக்குக் கவர் இருக்கிறது. வானத்தில் பறந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் ஒரு தாள் வைக்கத்தான் காசு கேட்கிறார்கள். என் சண்டை இதோடுதான்.

'நடுக்கடலில் டவர் இருக்குமா?' என்று அப்பாவியாகக் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. கப்பல்களுக்காகவே இன்மார்சாட் என்ற சாட்டிலைட் அமைப்பு 1979-ல் தொடங்கப்பட்டது. 1999 பிப்ரவரி முதல் உலகம் முழுக்க ஆபத்துக்கால அழைப்புகள் சாட்டிலைட்டையும் டிஜிட்டல் ரேடியோவையும் நம்பும் முறைக்கு முழுதாக மாறிவிட்டன. கப்பலில் 'கட்டு கடா கட்' என்று தந்தி அடித்துக்கொண்டிருந்த ரேடியோ ஆபீசர் என்ற வேலையே அதோடு கிட்டத்தட்ட ஒழிந்தது. 2022 ஜூலையில் ஸ்டார்லிங்க் தன் கடல் சேவையைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் மெர்ஸ்க், தன் சொந்தக் கப்பல்கள் 330-க்கும் மேற்பட்டவற்றில் அதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. நம் நாட்டிலும் விமானத்திலும் கப்பலிலும் இணைய இணைப்பு கொடுப்பதற்கான விதிகள் 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டன. அடுத்த வருடமே டாடா குழுமத்தின் நெல்கோ கப்பல்களுக்கான சேவையைத் தொடங்கியது. ஆகவே 'வழியில்லை' என்பது பழைய கதை. வழி இருக்கிறது. அதில் யாரை ஏற்றுவது, யாரை இறக்கிவிடுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

எல்லாக் கம்பெனிகளையும் திட்டவில்லை. தாராளமாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்குத் தன் குழந்தை பிறந்த செய்தி தெரிவது, அவர் எந்தக் கம்பெனியில் சைன் ஆன் செய்தார் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து இருக்கலாமா?

இது வெறும் பாசப் பிரச்சினை, சென்டிமென்ட் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கப்பலின் கதை.

'வகாஷியோ' என்று ஒரு ஜப்பானியக் கப்பல். 300 மீட்டர் நீளம். சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரேசிலுக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் இந்தியர், சீஃப் ஆபீசர் இலங்கைக்காரர். மொரீஷியஸ் தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போவதாகத்தான் முதலில் திட்டம். அதை 5 மைலாகக் குறைத்தார்கள். பிறகு 2 மைலாகக் குறைக்கப் பார்த்தார்கள். 2020 ஜூலை 25 அன்று பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்தது கப்பல். சில நாட்களில் தொட்டி உடைந்து சுமார் 1000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மொரீஷியஸ் அரசு சுற்றுச்சூழல் அவசரநிலையே அறிவித்தது. சனங்கள் கரும்புத் தோகையைத் துணியில் கட்டி மிதவை செய்து எண்ணெயைத் தடுக்கப் போராடியதை அப்போது செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஏன் கரையை நெருங்கினார்கள்? அந்தக் கப்பலை வாடகைக்கு எடுத்து இயக்கிய மிட்சுய் ஓ.எஸ்.கே. நிறுவனமே 2020 டிசம்பரில் காரணத்தைச் சொன்னது: செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்துக்குள் போவதற்காக.

இன்னொரு தடவை படியுங்கள். செல்போன் சிக்னலுக்காக.

கேப்டன் செய்தது தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. கரையோரம் போகத் தேவையான அளவு விவரமான வரைபடம் அவர்களிடம் இல்லை, கண்காணிப்பும் சரியில்லை. கேப்டனும் சீஃப் ஆபீசரும் 2021 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார்கள், ஆளுக்கு 20 மாதம். சரிதான். ஆனால் அது கொரோனா வருடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாத காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கப்பலில் சிக்னலுக்காகக் கரையைத் தேடிப் போகிற நிலை இருந்தால், தப்பு பிரிட்ஜில் நின்ற இரண்டு பேரோடு முடிந்துவிடுகிறதா? அதே மிட்சுய் ஓ.எஸ்.கே. 2023-ல் தன் கப்பல்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில் ஸ்டார்லிங்க் வைக்க முடிவு செய்தது. புத்தி வந்தது நல்லதுதான்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். காசு. 'செலவு அதிகம்' என்பதுதான் எப்போதும் வரும் முதல் பதில். கணக்குப் போடுவோம், நாம் காமர்ஸ் பிள்ளைகள் :-)

ஸ்டார்லிங்க் கடல் சேவை வந்த புதிதில் மாதம் 5000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 4,25,000 ரூபாய். கப்பலில் 20 பேர். ஆளுக்கு மாதம் 21,250. ஒரு நாளைக்குச் சுமார் 708 ரூபாய். இது ஆரம்ப விலை. அடுத்த வருடமே அளவு குறைந்த திட்டங்கள் மாதம் 250 டாலரிலிருந்து கிடைத்தன. அப்படிப் பார்த்தால் ஆளுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம்.

எதிர்ப் பக்கத்தில் எண்ணெய்ச் செலவைப் போடுங்கள். ஒரு பெரிய பல்க் கேரியர் ஒரு நாளைக்கு 40 டன் எரிக்கிறது, டன் 500 டாலர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20,000 டாலர். மாதம் 6 லட்சம் டாலர். அந்தப் பழைய, அதிக விலை இணைப்பையே வாங்கினாலும் எண்ணெய்ச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. 0.83 சதவீதம். அந்த இணைப்பை வைத்துப் பாதையையும் வேகத்தையும் கொஞ்சம் திருத்தி எண்ணெயில் ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தாலே முதல் கைக்கு வந்துவிடும்.

அப்படியானால் ஏன் கொடுக்க மறுக்கிறார்கள்? இங்கேதான் நாம் படித்த விஷயம் உதவுகிறது. கப்பலை டைம் சார்ட்டரில் வாடகைக்கு விட்டால் எண்ணெய்ச் செலவு வாடகைக்கு எடுத்தவர் தலையில். ஆள் செலவு சொந்தக்காரர் தலையில். பல கப்பல்களில் ஆட்களைப் பார்த்துக்கொள்வது மூன்றாவதாக ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பட்ஜெட். எண்ணெயில் மிச்சமாகும் காசு ஒருவர் பைக்கும், ஆயிலருக்கு நெட் கொடுக்கும் செலவு இன்னொருவர் கணக்குக்கும் போகிறது. எனவே எஞ்சினுக்கு இணைப்பு என்றால் 'முதலீடு', மனுஷனுக்கு இணைப்பு என்றால் 'செலவு'. ஆன்டெனா ஒன்றுதான். பேரேட்டில் தலைப்பு மட்டும் வேறு.

அடுத்த சாக்கு, தூக்கம். 'நெட் கொடுத்தால் ராத்திரி முழுக்க முழித்துக் கிடப்பான், வேலையில் தூங்குவான்.' அக்கறையாகத்தான் தெரிகிறது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அந்தப் பத்து மணி நேரம் கிடைக்கிறதா என்று அண்ணனைக் கேட்டேன். "பேப்பர்ல கெடைக்கும்டா" என்றார். அந்தப் பேப்பரைச் சரி செய்யாதவர்கள் போனைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கை. நம்மிடமும் போன் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாம் தூங்காமல் இருப்பதற்காக ஊர் டவரைப் பிடுங்கிவிடலாமா?

மூன்றாவது சாக்கு, வைரஸ். 'சிப்பந்திகள் கண்டதைத் திறந்து கப்பலின் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடுவார்கள்.' ஷிப்பிங் உலகம் கண்ட பெரிய தாக்குதல்களில் ஒன்று 2017 ஜூனில் மெர்ஸ்கைத் தாக்கிய நாட்பெட்யா. 25 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம். அது எந்த வழியாகப் பரவியது? உக்ரைனில் கம்பெனிகள் வரிக்கணக்குக்காகப் பயன்படுத்திய ஒரு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வழியாக! கடலோடி பார்த்த சினிமா வழியாக இல்லை, நம் ஆட்கள் உட்காரும் கணக்குப்பிள்ளை மேசை வழியாக. ஆள்களுக்கு ஒரு நெட்வொர்க், கப்பலுக்கு ஒரு நெட்வொர்க் என்று பிரித்து வைத்தால் இந்தப் பயத்தின் பெரும்பகுதி போய்விடும். நம் காலேஜிலேயே ஆபீஸ் வைஃபை வேறு, நமக்கான (எப்போதும் வேலை செய்யாத) வைஃபை வேறுதானே?

நாலாவதாக ஒன்று சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. முன்பெல்லாம் சாப்பிட்டதும் மெஸ் ரூமில் கேரம், சீட்டு, அரட்டை என்று உட்காருவார்களாம். இப்போது நெட் உள்ள கப்பல்களில் தட்டைக் கழுவிவிட்டு ஆளுக்கொரு கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அண்ணனே இதைச் சொன்னார், வருத்தத்தோடு. இன்னொன்றும் சொன்னார். இணைப்பு நன்றாக இருந்தால் ஆபீசும் கப்பலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேப்டனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் மெயில். போட்டோ எடுத்து அனுப்பு, இந்த ஃபார்மை நிரப்பு, ஏன் வேகம் குறைந்தது.

நான் இதை மறுக்கவில்லை. ஆனால் இதற்கு மருந்து கதவைப் பூட்டுவதா? ஓய்வு நேரத்தில் ஆபீஸ் மெசேஜ் கூடாது என்று விதி போடுங்கள். மெஸ் ரூமை மனுஷன் உட்காருகிற மாதிரி வையுங்கள். வீட்டோடு பேசுவதும் நண்பனோடு கேரம் ஆடுவதும் இரண்டில் ஒன்று என்று ஆயிலரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். நமக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே.

பேச வழி இருப்பது வேறு ஒன்றுக்கும் தேவை. காப்பாற்றச் சொல்லிக் கத்துவதற்கு. சம்பளம் கொடுக்காமல், சாப்பாடு இல்லாமல், கப்பலோடு சேர்த்து ஆட்களை அப்படியே கைவிட்டுவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். 2024-ல் மட்டும் 3000-க்கும் மேற்பட்ட கடலோடிகள் இப்படிக் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. நாடுவாரியாகப் பார்த்தால் அதில் அதிகம் பேர் நம் இந்தியர்கள். அப்படிப்பட்ட முதலாளி கையில்தான் நெட்டின் சாவியும் இருக்கிறது என்றால் புகார் எங்கே, எப்படிப் போகும்?

'சட்டம் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013-ல் அமலுக்கு வந்தது, இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதில் 2022-ல் திருத்தம் செய்து, கப்பலில் கொடுக்க வேண்டிய வசதிகளில் வீட்டாரோடும் வெளியுலகத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 23 முதல் அது அமலில் இருக்கிறது. கேட்கும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் இணையம் என்ற சொல் வரும் இடத்துக்குப் போனால், அது கட்டாயப் பகுதியில் இல்லை, வழிகாட்டும் பகுதியில் இருக்கிறது. அங்கேயும் 'நடைமுறையில் முடிந்தவரை' கொடுக்கலாம். காசு வாங்கினால் 'நியாயமாக' வாங்கலாம். அவ்வளவுதான்.

முடிந்தவரை என்பது யாருடைய முடிந்தவரை? நியாயம் என்பது யார் தராசில்? நம் ஊரில் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு 'முடிஞ்சா வாங்க' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

புலம்பியது போதும். என்ன செய்யலாம் என்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் கீழான விதிகளில், இந்தியக் கொடி பறக்கும் கடல்கடந்த கப்பல்கள் எல்லாவற்றிலும் ஆளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு இணையம் இலவசம் என்று எண்ணால் எழுத வேண்டும். 'முடிந்தவரை' என்ற சொல்லே வரக் கூடாது. தினமும் வீட்டாரை ஒரு தடவை முகம் பார்த்துப் பேசும் அளவு இருந்தால் போதும். சினிமா பார்க்கக் கேட்கவில்லை.

இரண்டு. நம் பையன்களில் ஏராளமானவர்கள் போவது பனாமா, லைபீரியா கொடி பறக்கும் கப்பல்களுக்கு. அங்கே நம் விதி செல்லாது என்று கையை விரிக்க வேண்டாம். அவர்களை வேலைக்கு எடுத்து அனுப்பும் ஏஜென்சிகளுக்கு இங்கே லைசென்ஸ் கொடுப்பது நம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்தான். சம்பளம், மாதக் கணக்கு எழுதும் அதே ஒப்பந்தத் தாளில், நெட் எவ்வளவு, தீர்ந்தால் என்ன விலை, அவசரச் செய்தியை எத்தனை மணி நேரத்துக்குள் சேர்ப்பார்கள், வார விடுமுறையில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று எழுதாத ஏஜென்சிக்கு லைசென்ஸ் கிடையாது என்று சொல்லலாமே.

மூன்று. இது வீட்டாருக்கு. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கப்பலுக்குப் பையனை அனுப்புகிற வீடுகளில் முதல் கேள்வி 'சம்பளம் எத்தனை டாலர்?' இரண்டாவது கேள்வி 'எப்ப சேரணும்?' அங்கேயே நிறுத்திவிடுகிறோம். எங்கள் பெரியப்பாவும் அங்கேதான் நிறுத்தினார். மூன்றாவதாக 'கப்பல்ல நெட் எப்படி?' என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே சொல்லுவார்கள். ஆள் கிடைப்பது கஷ்டமாகிவரும் தொழில் இது. கேட்கிற இடத்தில்தான் நாம் இருக்கிறோம், நமக்குத்தான் தெரியவில்லை. (குடும்ப குரூப்பில் காலை வணக்க வீடியோ அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.)

கடைசியாக, அந்தச் செமினாரில் சிரித்த என் வகுப்பு நண்பர்களுக்கு. நம்மில் நாலைந்து பேராவது படிப்பு முடிந்ததும் சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏதாவது ஷிப்பிங் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில்தான் உட்காரப் போகிறோம். ஒரு நாள் மேனேஜர் வந்து செலவைக் குறைக்க வேண்டும் என்பார். திரையில் 'சிப்பந்திகள் தகவல்தொடர்பு' என்று ஒரு வரி நிற்கும். பெரிய தொகையாக இருக்காது, வெட்டினால் கேட்கவும் ஆள் இருக்காது. அவன்தான் நடுக்கடலில் ஒரு டிக்கோடு நிற்கிறானே.

அந்த வரியில் கை வைக்கும் முன்னால் ரங்கூனில் இருந்த அந்தக் கடை ஏஜெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் கணக்குப் பார்த்தவர்தான், நம்மைவிடக் கறாராக. கவர் எப்படியும் ஊருக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சமையல்காரரின் தாளையும் உள்ளே வைத்துத்தான் ஒட்டினார்.